குடும்பக் குழுவில் கியோர்க் ஓட்ஸ்

அனு: கீர்த்தி அக்கா, நேத்து உன் ஸ்டேட்டஸ்ல ஒரு ஆம்பளைக் குரல் பாட்டு இருந்துச்சே, அது யாரு? மனசுலயே ஓடிட்டு இருக்கு

கீர்த்தி: கியோர்க் ஓட்ஸ் டீ. எஸ்தோனியாக்காரர். பாட்டு ‘சாரேமா வால்ட்ஸ்’. இந்த ஊர்ல அந்தப் பாட்டு தெரியாதவங்களைப் பாக்கறது கஷ்டம்

விஜி அத்தை: நான் ரஷ்யப் பாட்டுன்னு நினைச்சேன்

கீர்த்தி: இல்ல அத்தை, எஸ்தோனிய மொழி. ரஷ்யனுக்கும் அதுக்கும் உறவு கிடையாது. ஃபின்லாந்து மொழிதான் அதுக்குச் சொந்தம். ஆனா இவர் ரஷ்யன்லயும் பாடியிருக்கார், ஃபின்னிஷ்லயும் பாடியிருக்கார். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன்னு எதையும் விடல

பெரியப்பா: நானும் கேட்டேன் கீர்த்தி. நல்ல காத்திரமான சாரீரம். பாட்டுதான் கொஞ்சம் லேசு. சினிமாப் பாடகரா?

கீர்த்தி: ஓபரா பாடகர் பெரியப்பா, கதையைப் பாட்டாவே நடிக்கற மேடை நாடகம். இங்க தலைநகர் டாலின்ல ‘எஸ்தோனியா’ன்னே ஒரு தியேட்டர் இருக்கு, 1913ல திறந்தது. அங்கதான் 1944லேர்ந்து கடைசி வரைக்கும் பாடினார். பாரிடோன் குரல். டெனர்ங்கற உயர்ந்த ஆம்பளைக் குரலுக்குக் கீழ, பேஸ்ங்கற அடிக்குரலுக்கு மேல. அவங்க அப்பா கார்ல் ஓட்ஸும் அதே தியேட்டர்ல டெனர்

பெரியப்பா: ஓபரா பாடறவர் இந்த மாதிரி டான்ஸ் பாட்டு ஏன் பாடினார்?

அனு: பெரியப்பா போன வாரம் என்கிட்ட கேட்ட அதே கேள்வி. காலேஜ் லைட் மியூசிக்ல பாடறேன்னதும் “வர்ணம் பாடற தொண்டை கெட்டுப்போகும்”னீங்க

பெரியப்பா: இப்பவும் அதைத்தான் சொல்றேன்

விஜி அத்தை: அண்ணா, குழந்தை ஆசையா பாடறா. நம்ம சீர்காழி கச்சேரியும் பண்ணினார், சினிமாலயும் பாடினார். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு

பெரியப்பா: விஜி, சீர்காழி வேற. கீர்த்தி, இந்த மனுஷனைப் பத்தி முழுசா எழுது. கேப்போம்

கீர்த்தி: சரி, நீளமா வரும். ட்ராம்ல உக்காந்துட்டு டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

1920 மார்ச் 21ல ரஷ்யாவுல பெட்ரோகிராட்ல, இப்பத்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பிறந்தார். வளர்ந்தது டாலின்ல. பிரெஞ்சு லைசியம்ங்கற பள்ளிக்கூடத்துல படிப்பு. சின்ன வயசுல பாட்டைவிட நீச்சல்லதான் பேர். எஸ்தோனிய சாம்பியன். அந்த நீச்சலே உயிரைக் காப்பாத்துச்சு. 1940ல சோவியத் யூனியன் எஸ்தோனியாவைப் பிடிச்சிருச்சு. 1941ல ஜெர்மன் படை வந்தப்போ இவரை ராணுவத்துல சேத்து கப்பல்ல ஏத்தினாங்க. அந்தக் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடிச்சுட்டாங்க. கடல்ல நீந்திக் கிடந்தவரை வேற கப்பல் வந்து தூக்கிச்சு.

அப்புறம் யாரோஸ்லாவ்ல்னு ஒரு ரஷ்ய ஊர். அங்க 1942ல எஸ்தோனியக் கலைஞர்களையெல்லாம் சேத்து ஒரு குழு ஆரம்பிச்சாங்க. அந்தக் கோரஸ்ல ஒருத்தராத்தான் இவர் பாட ஆரம்பிச்சார். அலெக்சாண்டர் ஆர்டர்னு ஒரு பாடகர் இவர் குரலை எடுத்துச் சீர் பண்ணினார்

விஜி அத்தை: அப்போ யுத்தம் இல்லேன்னா பாடகரே ஆகியிருக்க மாட்டாரா

கீர்த்தி: அப்படிச் சொல்ல முடியாது அத்தை, வீட்லயே அப்பா பாடகர். ஆனா வாத்தியார் கிடைச்சது அகதி மாதிரி இருந்த ஊர்லதான். ஊருக்குத் திரும்பினப்போ எஸ்தோனியா தியேட்டர் இடிஞ்சு கிடந்தது. 1944 மார்ச் 9ல சோவியத் விமானங்கள் போட்ட குண்டு. 1947ல திரும்பக் கட்டித் திறந்தாங்க. இவர் அதுக்குள்ள சின்னச் சின்ன வேஷம் கட்டிட்டே கன்சர்வேட்டரிங்கற இசைக் கல்லூரில டீட் கூசிக்ங்கற பாடகர்கிட்ட படிச்சார். 1951ல படிப்பை முடிச்சார். அதாவது பேர் வாங்கின பிறகும் மாணவனா உக்காந்திருக்கார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் இது

பெரியப்பா: அது சரியான வழி

பாலா சித்தப்பா: இப்பதான் பாத்தேன். 1950, 1952 ரெண்டு வருஷமும் ஸ்டாலின் பரிசு வாங்கியிருக்காராமே. 60ல ‘சோவியத் மக்கள் கலைஞர்’ பட்டம். சர்க்கார் செல்லப்பிள்ளைன்னு சொல்லு

கீர்த்தி: ஆமா சித்தப்பா, பரிசெல்லாம் வாங்கினார்

பாலா சித்தப்பா: 1949 மார்ச்ல எஸ்தோனியாவுலேர்ந்து 20,000 பேருக்கு மேல சைபீரியாவுக்கு அள்ளிட்டுப் போனாங்க. பொம்பளைங்களும் குழந்தைகளும்தான் நிறைய. அடுத்த வருஷம் இவருக்குப் பரிசு. அதை எப்படி எடுத்துக்கறது?

கீர்த்தி: நீங்க கேக்கறது நியாயம். அந்த ‘சாரேமா வால்ட்ஸ்’ பிறந்ததே அதே 1949லதான். அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, கேளுங்க.

டெபோரா வாரண்டின்னு ஒரு பெண் கவிஞர் ஒரு நீளமான கவிதை எழுதினாங்க, சதுப்பு நிலத்துல ஊரே கூடி வேலை செய்யறதைப் பத்தி. அதுல ஒரு துண்டு: சாரேமா தீவு, ஜூன் மாச ராத்திரி, புல்வெளி, மஞ்சள் முடிப் பொண்ணு ஒருத்தி நெஞ்சுல தங்க நட்சத்திரம் குத்தின சிப்பாயோட ஆடறா. அந்தத் துண்டுக்கு மெட்டுப் போட்டவர் ரைமண்ட் வால்கிரே. அவரோட நடன இசையை “மேற்கத்திய மோகம்”னு ஒதுக்கி வச்சிருந்த காலம் அது. அந்த வருஷம் டிசம்பர் 31ம் தேதியே இறந்துட்டார், 36 வயசு. பாட்டு எவ்வளவு தூரம் போகப்போகுதுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது.

தங்க நட்சத்திரம்னா சோவியத் வீரர் பதக்கம்தான். அதனால அரசாங்கத்துக்கும் ஆட்சேபணை இல்ல. ஜனங்க எடுத்துக்கிட்டது தீவையும் ஜூன் ராத்திரியையும் அந்தப் பொண்ணையும். எங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயசு இருக்கும். அவங்க சொந்தத்துல சைபீரியா போனவங்க உண்டு. அவங்க வீட்லதான் நான் இந்தப் பாட்டை முதல்ல கேட்டேன்

பாலா சித்தப்பா: அவங்க இவர் மேல கோபப்படலையா?

கீர்த்தி: இல்ல. சோவியத் காலத்துல எஸ்தோனிய மொழியை இவ்வளவு அழகா உச்சரிச்சு ரேடியோல கேக்க வச்சவர்னு சொன்னாங்க. அது அவங்க பார்வை. பரிசு வாங்கினதைப் பத்தி உங்களுக்கு நெருடறதும் சரிதான், நான் மறுக்கல. அவர் பாடாம வீட்ல உக்காந்திருந்தா அந்த மொழிக்கு நஷ்டம்னு நான் நினைக்கறேன்

பாலா சித்தப்பா: ம். யோசிக்கறேன்

பெரியப்பா: அரசியலை விடுங்க ரெண்டு பேரும். ஓபரால என்னென்ன பாடியிருக்கார்?

கீர்த்தி: யெவ்கெனி ஒனேகின், ரிகோலெட்டோ, ‘ஒதெல்லோ’ல இயாகோ, டான் ஜியோவானி. மொஸார்ட்டோட ‘மாயப் புல்லாங்குழல்’ல பறவை பிடிக்கிற பாபகேனோ, அது காமெடி வேஷம். 1966ல டாலின்ல ‘போர்கி அண்ட் பெஸ்’ போட்டப்போ போர்கி. ரூபின்ஸ்டைன் இசையமைச்ச ‘டீமன்’தான் ரஷ்யாக்காரங்க இன்னிக்கும் பேசற வேஷம். ரஷ்யக் கவிஞர் லெர்மொந்தவ் எழுதின காவியம்தான் அதுக்கு மூலம். வானத்துலேர்ந்து தள்ளப்பட்ட ஒரு ஆவி மனுஷப் பெண் மேல ஆசைப்படுது. ஓட்ஸ் அந்த ஆவியைப் பயமுறுத்தற மாதிரி பாடமாட்டார், இரங்கிப் பாடுவார். கேக்கறவங்களுக்கு அந்த ஆவி பக்கமே மனசு சாயும்

அனு: அக்கா லிங்க் போடு

கீர்த்தி: சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போடறேன். பெரியப்பா, ஒரு வேண்டுகோள். ‘டீமன்’ பாட்டையும் வால்ட்ஸையும் அடுத்தடுத்து கேளுங்க. ரெண்டும் ஒரே தொண்டைதான்

விஜி அத்தை: சினிமால நடிச்சாரா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல

கீர்த்தி: நடிச்சார் அத்தை! 1951ல ‘கோர்டியில் வெளிச்சம்’னு ஒரு எஸ்தோனியப் படம், கூட்டுப்பண்ணைக் கதை. பிரச்சாரப் படம்தான், அதைப் பத்தி ஒண்ணும் சொல்லறதுக்கில்ல. ஆனா 1958ல லெனின்கிராட்ல இருந்த லென்ஃபில்ம் ஸ்டுடியோ எடுத்த ‘மிஸ்டர் எக்ஸ்’ அவரை மொத்த சோவியத் நாட்டுக்கும் கொண்டுபோச்சு. கால்மானோட ‘சர்க்கஸ் இளவரசி’ ஆப்பரெட்டாதான் கதை. உயர்குடியில பிறந்து எல்லாத்தையும் இழந்த ஒருத்தன் கறுப்பு முகமூடி போட்டுக்கிட்டு சர்க்கஸ்ல வித்தை காட்டறான். கூட்டம் கை தட்டும், ஆனா பக்கத்துல உக்கார வச்சுக்காது. அதை அவன் ஒரு பாட்டா பாடுவான். முகமூடியோட நிக்கறார், முகத்துல பாதி தெரியாது. குரல்லயே நடிச்சிருப்பார்

விஜி அத்தை: ஆப்பரெட்டாவா, ஓபராவா?

கீர்த்தி: ஆப்பரெட்டா கொஞ்சம் இலகுவானது அத்தை. நடுநடுவுல வசனம் இருக்கும், சிரிப்பு இருக்கும், டான்ஸ் இருக்கும்

பெரியப்பா: அதாவது பெரிய பாடகர்கள் ஒதுங்கிப் போற இடம்

கீர்த்தி: அங்கதான் இவர் வேற மாதிரி. ஒதுங்கல. ஃபின்லாந்துல போய் ஃபின்னிஷ்ல ‘வாழ்க்கையே உன்னை நேசிக்கிறேன்’ பாடினார். மூலம் கோல்மனோவ்ஸ்கி இசையமைச்ச சோவியத் பாட்டு. ஃபின்லாந்துக்காரங்க அதைத் தங்க பாட்டாவே ஆக்கிக்கிட்டாங்க. 1971ல ‘லா மான்சாவின் மனிதன்’ மியூசிக்கல். மேடை இயக்கமும் அவரே, டான் கிகோட்டேயும் அவரே. ஓபரா, ஆப்பரெட்டா, சினிமா, ரேடியோ, டான்ஸ் பாட்டு, இயக்கம். எல்லாத்துக்கும் ஒரே அளவு உழைச்சிருக்கார்

அனு: பெரியப்பா டைப்பிங் டைப்பிங்னு காட்டிட்டே இருக்கு 😊

பெரியப்பா: டைப் பண்ணல, கேட்டுண்டு இருந்தேன். ராமு டிவியிலயே ரெண்டையும் போட்டுக் குடுத்தான். எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

பெரிய சாரீரம் உள்ளவா லேசான பாட்டு பாடினா ரெண்டு தப்பு பண்ணுவா. ஒண்ணு, இதுலயும் பலத்தைக் காட்டி பாட்டை நசுக்கிடுவா. இல்லேன்னா “இது சும்மா”ன்னு குரலைத் தளரவிட்டு சுருதியோட ஒட்டாம பாடுவா. இந்த மனுஷன் ரெண்டும் பண்ணல. அந்த ‘டீமன்’ல வர்ற மூச்சு அப்படியே வால்ட்ஸ்லயும் இருக்கு. குரலைக் குறைச்சிருக்கார், மூச்சைக் குறைக்கல. கார்வையில ஒரு இடத்துலயும் ஆட்டம் இல்ல. பாஷை புரியலேன்னாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா காதுல விழறது. அது சாதாரணம் இல்ல

விஜி அத்தை: அண்ணா வாயிலேர்ந்து இவ்வளவு பாராட்டா!

பெரியப்பா: நல்லா இருந்தா சொல்லுவேன். கீர்த்தி, கடைசி வரைக்கும் பாடினாரா?

கீர்த்தி: பாடினார் பெரியப்பா. மூளையில கட்டி வந்துச்சு. அறுவை சிகிச்சை நடந்துச்சு, ஒரு தடவை இல்ல. இடையில எழுந்து மேடைக்கு வந்துட்டே இருந்தார். 1975 செப்டம்பர் 5ல போயிட்டார், 55 வயசு. டாலின்ல காட்டுக் கல்லறைன்னு பைன் மரத்துக்கு நடுவுல ஒரு இடம் இருக்கு, அங்கதான் புதைச்சாங்க

விஜி அத்தை: ஐயோ பாவம். 55ங்கறது ஒரு வயசா

பாலா சித்தப்பா: கீர்த்தி, ‘கியோர்க் ஓட்ஸ்’னு ஒரு கப்பல் உண்டா? எங்கயோ படிச்ச மாதிரி இருக்கு

கீர்த்தி: உண்டு சித்தப்பா! போலந்துல கட்டினது, 1980லேர்ந்து டாலின்-ஹெல்சிங்கி ஓடுச்சு. நீங்க படிச்சது ரெய்க்யவிக் விஷயமா இருக்கும். 1986 அக்டோபர்ல ரீகனும் கோர்பச்சேவும் ஐஸ்லாந்துல சந்திச்சாங்களே, அப்போ கோர்பச்சேவ் தங்கினது துறைமுகத்துல நின்ன இந்தக் கப்பல்லதான்

பாலா சித்தப்பா: அதேதான்! அணு ஆயுதப் பேச்சுவார்த்தை. பாடகர் பேர்னு அப்போ தெரியாது

கீர்த்தி: சாரேமா தீவுல அவர் பேர்ல ஒரு ஹோட்டல் இருக்கு. 3738ம் நம்பர் சிறுகோளுக்கும் அவர் பேர்தான். இங்க இசைப்பள்ளியும் ரொம்ப வருஷம் அவர் பேர்லதான் இருந்துச்சு. 2022ல அதையும் பாலே பள்ளியையும் இன்னொரு இசைப்பள்ளியையும் ஒண்ணா சேத்துட்டாங்க, புதுக் கட்டடம், பேரும் மாறிடுச்சு. கட்டடம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அவர் பேரை எடுத்தது எனக்கு வருத்தம். அங்க கிளாசிக்கல், ஜாஸ், பாப் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில சொல்லிக்குடுத்தாங்க. அவர் பேருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்ல

அனு: பெரியப்பா, இப்ப நான் கேக்கலாமா?

பெரியப்பா: என்ன கேக்கப்போறேன்னு தெரியும். பாடு. ஆனா எந்தப் பாட்டுன்னு முன்னாடியே என்கிட்ட சொல்லணும். ஸ்ருதிப்பெட்டி வச்சுண்டு தினம் காலம்பற அகாரத்துல சாதகம் பண்ணின பிறகுதான் அந்தப் பாட்டைத் தொடணும். மைக் இருக்கேன்னு குரலை உள்ளயே முழுங்கக் கூடாது

அனு: சரி பெரியப்பா 🙏🙏

பாலா சித்தப்பா: அண்ணா, வர்ணம் விடக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்க. நான் சொன்னா இவ கேக்கமாட்டா

பெரியப்பா: அது சொல்லணுமா. ரெண்டு காலத்துலயும்

கீர்த்தி: வீட்டுக்கு வந்துட்டேன். மூணு லிங்க் அனுப்பறேன். முதல்ல ‘டீமன்’, அடுத்தது ஃபின்னிஷ் பாட்டு, மூணாவது ‘மிஸ்டர் எக்ஸ்’ படத்துல வர்ற முகமூடிப் பாட்டு. அத்தை, உங்களுக்கு மூணாவது பிடிக்கும்

விஜி அத்தை: அடுப்புல குழம்பு இருக்கு, இறக்கிட்டு வந்து பாக்கறேன். சப்டைட்டில் இருக்கா?

கீர்த்தி: இங்கிலீஷ்ல இருக்கு. பாட்டு வர்றப்போ சப்டைட்டிலைப் படிக்காதீங்க அத்தை, அவர் கண்ணைப் பாருங்க