மறுமொழி: 'டிஸ்ட்ராக்டட் வாக்கிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். கைபேசி போன்ற கருவிகளில் கவனம் போய்விட, சாலையைக் கவனிக்காமல் நடப்பதை ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ராக்டட் வாக்கிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுவது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'கவனச்சிதறல்' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஆனால் கைபேசியைப் பார்த்தபடி சாலையைக் கடப்பவரின் கவனம் எங்கே சிதறுகிறது? ஒரே இடத்தில் குவிந்துதான் கிடக்கிறது. அந்த இடம் சாலை அல்ல, அவ்வளவுதான். பாதசாரிகளின் பாதுகாப்பு பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் பத்தியிலேயே இந்தச் சொல் உறுத்தியது.

> அப்படியானால் 'குனிதலை நடை'?

கேட்க நன்றாக இருக்கிறது. சீனத்திலும் 'தலைகுனிந்தோர் கூட்டம்' என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. ஆனால் போனில் பேசிக்கொண்டு நடப்பவர் குனிவதில்லையே! 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், பளிச்சென்ற உடையில் ஒரு கோமாளியை ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றவிட்டார்கள். போனில் பேசியபடி கடந்தவர்களில் 4 பேருக்கு ஒருவர்தான் அவரைக் கவனித்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது, மனம் அங்கே இல்லை. இன்னொன்று: துணையோடு பேசிக்கொண்டு நடந்தவர்களில் பெரும்பாலோர் கோமாளியைப் பார்த்துவிட்டார்கள். ஆக, பேச்சை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சொல்லில் கருவியும் வர வேண்டும்.

என் பரிந்துரை 'பராக்கு'. 'பராக்குப் பார்க்காமல் நட' என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதேதான். அக்கம்பக்கம் பார்ப்பது மட்டும்தான் பராக்கு என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் 'பராக்காக இருந்துவிட்டேன்' என்னும்போது அதில் கண்ணுக்கு வேலையே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் கவனம் இல்லை என்பதுதான் பொருள். ஆய்வுக்கு வேண்டியதும் இதுதான்.

கிளைச் சொற்களும் எளிதாக வருகின்றன: கண் பராக்கு, செவிப் பராக்கு, கைப் பராக்கு, மனப் பராக்கு. காதில் இயர்போன் இருந்து ஹாரன் கேட்காமல் போவது செவிப் பராக்கு. குறுஞ்செய்தி தட்டிக்கொண்டே நடப்பவருக்கு வேகம் குறைகிறது, அடி சுருங்குகிறது; அதில் கண், கை, மனம் மூன்றும் சேர்ந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் 'கருவிப் பராக்கு', அப்படி நடப்பதற்குப் 'பராக்கு நடை'.

> பராக்கு என்பது திட்டும் சொல்லாயிற்றே. அடிபட்டவர் மேலேயே பழி விழாதா?

இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஓட்டுநரின் வேகத்தை யாரும் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. அதனால்தான் ஆளுக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்கிறேன். 2015இல் ஜெர்மன் இளையோர் சொல்லாகத் தேர்வான 'ஸ்மோம்பி' (ஸ்மார்ட்போன் + ஸோம்பி) ஆளையே ஸோம்பி, அதாவது நடைப்பிணம், ஆக்கிவிட்டது. ஜப்பானியரின் 'அருகி சுமாஹோ' செயலை மட்டும் சொல்கிறது: நடை, ஸ்மார்ட்போன். நாமும் 'பராக்கர்' என்று போகாமல் 'பராக்கு நடை'யோடு நிற்போம்.

அப்புறம், விபத்துப் பதிவுப் படிவத்தின் சின்னக் கட்டத்தில் 'கருவிப் பராக்கு: ஆம் / இல்லை / தெரியவில்லை' என்று எழுதிப் பார்த்தேன். அடங்குகிறது.