மறு: ஆடியன்ஸ் ரிடென்ஷனுக்குப் 'பார்வை இருப்பு' சரிவருமா?

யூடியூப் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம். ஆடியன்ஸ் ரிடென்ஷனுக்குப் 'பார்வை இருப்பு' என்று வைக்கலாம் என்கிறேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> தக்கவைப்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறதே, புதிதாக எதற்கு அண்ணே? (தேவகோட்டை)

புழங்குகிறது தம்பி, ஆனால் அது ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கு வந்த சொல். சேனல் நடத்துகிறவர்கள் கணக்குப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவில் நாம் பார்க்கிற கோடு காட்டுவது வேறு. வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. 100 பேர் பார்க்கத் தொடங்கி 30ஆவது நொடியில் 60 பேர் மிச்சம் என்றால், கோடு அங்கே 60இல் நிற்கும். போனது போக மிச்சம் நிற்பதைக் கணக்கெழுதுகிறவர்கள் இருப்பு என்றுதான் சொல்வார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்துப் பேரேடு எழுதிய செட்டிநாட்டுச் சீமை இது. இந்தச் சொல்லுக்கு நாம் அகராதியைப் புரட்ட வேண்டியதே இல்லை.

என் சேனலையே எடுத்துக்கொள்கிறேன், சின்னதுதான். கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் விளையாட்டில் நம்மூர் வீடு ஒன்றை முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகக் கட்டிக்கொண்டு வருகிறேன். ஆத்தங்குடிக் கல் மாதிரி தரை போட கிளேஸ்டு டெரகோட்டா கட்டைகள் இருக்கின்றன. நாம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோமோ அதற்கேற்ப அவை திரும்பி விழும். நாலு கட்டையை நாலு திசையிலிருந்து வைத்தால்தான் கோலம் கூடும். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். பார்ப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும், கோடு அங்கே சடசடவென்று இறங்குகிறது. அப்புறம் வளவின் தூண்கள் எல்லாம் எழுந்து, நடுவில் வானம் தெரிகிற முற்றம் முழுசாகக் கண்ணில் படும்போது மறுபடி ஏறுகிறது. அந்த இடத்துக்குத் தாவி வருகிறவர்களும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். 'தரை போடும் இடத்தில் இருப்பு இறங்கிவிட்டது' என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். 'தக்கவைப்பு இறங்கிவிட்டது' என்றால் ஏதோ மேலாண்மை வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

> ஒரே ஆள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அந்த நொடி 100ஐத் தாண்டுமாமே. போட்டதைவிட இருப்பு எப்படிக் கூடும்? (பள்ளத்தூர்)

ஐயா பழைய கணக்குக்காரர், சரியான இடத்தில் பிடித்துவிட்டார். தாண்டும், உண்மைதான். சின்னச் சின்ன வீடியோக்களில் அது சகஜம். ஆனால் நடுவில் வரவு வந்தால் இருப்பு ஏறத்தானே செய்யும் ஐயா? திரும்பப் பார்ப்பதை வரவாக வைத்துக்கொள்ளலாம். 110 விழுக்காடு தக்கவைத்தேன் என்பதுதான் எந்த விதத்திலும் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. முதல் 30 நொடி முடிவில் எத்தனை பேர் மிச்சம் என்று ஸ்டூடியோ தனியாக ஒரு எண் தருகிறது. அதற்குத் 'தொடக்க இருப்பு' என்று காரைக்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். கணக்கில் தொடக்க இருப்பு என்றால் முதல் வரவு செலவுக்கு முன்னால் நிற்பது. இங்கே பாதிக் கூட்டம் எழுந்து போன பிறகு எண்ணுகிறோம். 'அரை நிமிட இருப்பு' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

'பார்வையாளர் இருப்பு' என்று நீட்டுவதிலும் எனக்குத் தயக்கம். தேவகோட்டைத் தம்பி நேரலையில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர். இந்த நேரத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அங்கே ஓடுகிற எண்ணைத்தான் பார்வையாளர் இருப்பு என்று எவரும் நினைப்பார்கள். அதற்கு 'உடன்பார்ப்போர்' என்று வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

இன்னொன்றையும் சொல் விளக்கத்திலேயே சேர்க்க வேண்டும். இருப்பு விழுக்காட்டை மட்டும் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். 5 நிமிட வீடியோவில் சராசரி இருப்பு 70 விழுக்காடு என்றால் ஒரு பார்வைக்குக் கிடைப்பது மூன்றரை நிமிடம். 20 நிமிட வீடியோவில் 40 விழுக்காடுதான் என்றாலும் 8 நிமிடம். விளம்பர வருமானத்துக்கு யூடியூப் கேட்பது 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் மொத்தம் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும். ஷார்ட்ஸுக்கு வேறு கணக்கு, அதை விடுங்கள். 8 நிமிடம் வீதம் அந்த 4,000 மணி நேரத்துக்கு 30,000 பார்வை போதும். மூன்றரை நிமிடம் என்றால் 68,000க்கும் மேலே வேண்டும். என்னை மாதிரி வேலை முடிந்து வந்து ராத்திரியில் பொழுதுபோக்காக வீடியோ போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. அதற்காக 5 நிமிடச் சரக்கை 20 நிமிடமாக இழுத்தால் அந்த 40 நிற்காது, அது வேறு கதை. ஆகவே 'சராசரி இருப்பு' விழுக்காட்டிலும், 'சராசரி பார்த்த நேரம்' நிமிடத்திலும் என்று இரண்டையும் நம் சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவாகப் போடலாம் என்பது என் கருத்து.

ஆக என் வாக்கு 'பார்வை இருப்பு'. வரைபடத்துக்கு 'இருப்புக் கோடு'. ஏறுகிற இடம் மேடு, இறங்குகிற இடம் பள்ளம், இவற்றுக்குப் புதுச் சொல் தேட வேண்டாம்.

அடுத்து இம்ப்ரெஷன். வீடியோவின் சிறுபடத்தில் (தம்ப்நெயில்) பாதியாவது ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் யூடியூப் அதை ஒரு இம்ப்ரெஷனாக எண்ணுகிறது. போன வாரம் 'கண்படல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் கச்சிதம்தான். ஆனால் வீடியோவுக்கு ஆயிரம் கண்பட்டது என்று வீட்டில் சொன்னால், ஆச்சி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு சுற்றிப்போட வந்துவிடுவார்கள். 'திரைத்தோற்றம்' என்று நான் முயன்று பார்த்தேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.