புதுப்பிப்பு: சைலன்சர் வெடிச் சத்தம் நின்றுவிட்டது

என் பைக் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது, பிளக் மாற்றியும் ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தும் பலனில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

சிலிண்டர் ஹெட்டும் (இன்ஜினின் தலைப்பகுதி) பெண்ட் பைப்பும் (அங்கிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) சேருமிடத்தில் லேசாகக் கரி படிந்திருந்தது. அதுதான் துப்பு. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் செய்தேன், உடனே ஒரு பக்கம் மட்டும் குமிழ் குமிழாக வந்தது. உள்ளே கசிவைத் தடுக்க வைத்திருந்த கேஸ்கெட் வளையம் ஓரிடத்தில் நசுங்கித் தேய்ந்து போயிருந்தது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது எரியாத பெட்ரோல் ஆவி குழாய்க்குள் வரும், இந்த இடைவெளி வழியாக வெளிக்காற்றும் புகுந்தால் அந்தச் சூட்டிலேயே பற்றி வெடிக்கும்.

புது கேஸ்கெட் போட்டு இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன் (ஒன்றை மட்டும் முழுசாக இறுக்கினால் குழாயைப் பிடித்திருக்கும் தகடு (ஃபிளாஞ்ச்) சாய்ந்து மறுபடி கசியும்), ஒரு சுற்று ஓட்டி ஆறவைத்து மீண்டும் இறுக்கம் பார்த்தேன். முக்கால்வாசி சத்தம் அதிலேயே போய்விட்டது.

அப்புறம் மிச்சம் இருந்த சத்தம் கார்பரேட்டர் ஐடில் மிக்சர் வறண்டிருந்ததால் வந்தது, அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவு. அந்தக் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைச் சற்றே திருப்பியதும் அதுவும் அடங்கியது. சில கார்பரேட்டரில் அது காற்றுக்கான ஸ்க்ரூ, சிலவற்றில் பெட்ரோலுக்கானது, திருப்பும் திசையே மாறும், அதனால் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கசிவை அடைக்காமல் மிக்சரில் கை வைக்கவே வேண்டாம்.