பழைய .32 ரிவால்வர், எண் மாறி அடித்திருக்கிறது. வாங்கலாமா? (அவசரம்)

காக்ஸ்டவுன் ராஜா
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு பெரியவரிடமிருந்து பழைய ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. நீலப் பூச்சு புதுசு மாதிரி மின்னுகிறது. ஒரே சிக்கல், உள்ளே ஒரு எண், பின்னால் வேறு எண். நடுவில் பேசிவிடும் துப்பாக்கிக் கடைக்காரர், "ஃபேக்டரியிலேயே தப்பாக அடித்துவிட்டார்கள், இந்த மாதிரி பீஸ் லட்சத்தில் ஒன்று" என்று சொல்லி ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமாம். மிஸ்டேக் பீஸுக்கு நிஜமாகவே அவ்வளவு மதிப்பு உண்டா? சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய இரும்பு
எந்தக் கம்பெனி, என்ன மாடல், எதுவுமே எழுதவில்லையே. உள்ளே என்றால் எங்கே உள்ளே? சிலிண்டரை, அதாவது குண்டு போடும் உருளையை, திறந்தால் தெரிகிற இடமா, கைப்பிடிக்குள்ளா? ஒரு படம் போட்டால் பாதி வேலை முடியும். எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

ஜெயநகர் வக்கீல்
உங்களிடம் லைசன்ஸ் இருக்கிறதா? அதில் ரிவால்வர் என்று இருக்கிறதா? ஏற்கெனவே கையில் எத்தனை? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டுதான். முன்பு மூன்று வைத்திருந்தவர்களே ஒன்றை ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

சில்லறைக்காசு
எனக்குத் துப்பாக்கி தெரியாது, நாணயம் சேர்க்கிறவன். ஆனால் நாணயச் சாலையில் மையம் விலகி அடித்த ஒரு ரூபாய், நல்ல ஒரு ரூபாயைவிடப் பல மடங்கு போகும். தப்புக்குத்தான் விலையே. யோசிக்காமல் வாங்கிப் போடுங்கள்.

ஹவில்தார் (ஓய்வு)
தம்பி, கேட்டவுடனே சொல்கிறேன், இது தர்ரா சரக்கு. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவில் தர்ரா ஆதம் கேல் என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பட்டறை. பிரிட்டிஷ் வெப்லியோ அமெரிக்க ஸ்மித் வெஸ்ஸனோ எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் அரத்தால் ராவியே அச்சு அசலாகச் செய்துவிடுவார்கள். ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரியாமல் முத்திரையைப் பார்த்து வெட்டுவதால் எழுத்து சில இடத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். எண்ணும் கன்னாபின்னாவென்று இருக்கும். காஷ்மீரில் பிடிபட்டவற்றை நேரில் பார்த்திருக்கிறேன். கிட்டவே போகாதீர்கள்.

பழைய இரும்பு
ஹவில்தார் சார், கம்பெனியே தெரியாமல் தர்ராவுக்குப் போய்விட்டீர்களே! ஸ்பெயின் காப்பியாகவும் இருக்கலாம். நூறு வருடத்துக்கு முன்னால் எய்பார் ஊரில் ஸ்மித் வெஸ்ஸன் சாயலில் மலை மலையாகச் செய்தார்கள். எந்தத் தோட்டா பொருந்தும் என்று சொல்கிற சாக்கில் "ஸ்மித் அண்டு வெஸ்ஸன்" என்பதைப் பேரலில் பெரிதாக அடித்துவிடுவார்கள். அவசரத்தில் பார்த்தால் அசல் என்றே தோன்றும். அந்த ஊரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஓர்பியாதான் இன்று சைக்கிள்காரர்கள் ஆசைப்படும் சைக்கிள் கம்பெனி ஓர்பியா. ராஜா, பேரலின் மேல்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, முழுசாகச் சொல்லுங்கள்.

காக்ஸ்டவுன் ராஜா
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். ஸ்மித் அண்டு வெஸ்ஸன், .32, ஆறு குண்டு. பேரல் மேலே ஸ்பிரிங்ஃபீல்டு, மாஸ் என்று ஊர்ப் பெயரும் பேட்டன்ட் தேதிகளும் இருக்கின்றன. பக்கவாட்டில் .32 லாங். எழுத்தெல்லாம் நேராகத்தான் இருக்கிறது. சிலிண்டரை வெளியே தள்ளினால் ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல் பகுதியில்) ஐந்து இலக்க எண். சிலிண்டரின் பின்முகத்தில் ஆறு இலக்கம், வேறு எண். மாடல் நம்பர் எங்கேயும் இல்லை, அதையும் அடிக்க மறந்துவிட்டார்கள் என்கிறார் கடைக்காரர். என்னிடம் லைசன்ஸ் உண்டு, ரிவால்வர் / பிஸ்டல் என்றே இருக்கிறது, இன்னும் எதுவும் வாங்கவில்லை. படம் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

குண்டுமணி
இதை இங்கே எத்தனையோ தடவை எழுதியாயிற்று. தேடிப் படிக்கிற பழக்கம் இருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது. இருந்தாலும் சொல்கிறேன், கவனமாகப் படிக்கவும்.

சிலிண்டரைத் திறந்தால் ஃபிரேமில் தெரியும் எண் பழைய ஸ்மித் வெஸ்ஸனில் சீரியல் நம்பரே கிடையாது. தொழிற்சாலையில் ஃபிரேம், சிலிண்டரைத் தாங்கும் யோக், பக்கத் தகடு மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி ராவுவார்கள். பிறகு பூச்சுக்கும் மற்ற வேலைக்கும் தனித்தனியாகப் போய்த் திரும்பும்போது ஜோடி மாறிவிடக் கூடாதே என்று மூன்றிலும் ஒரே எண்ணை அடித்து வைப்பார்கள். துப்பாக்கி முழுசாகச் சேர்ந்த பிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லை. அசல் சீரியல் கைப்பிடியின் அடியில் இருக்கும். அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும், பேரலுக்கு அடியில் தட்டையான பகுதியிலும் இருக்க வேண்டும். கோல்ட் (Colt) என்ற இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி நேர்மாறு, அவர்கள் சிலிண்டர் திறக்கும் இடத்தில்தான் சீரியலை அடிப்பார்கள். கோல்ட் பார்த்துப் பழகியவர்கள் ஸ்மித்தைத் திறந்தால் இப்படித்தான் குழம்புவார்கள்.

மாடல் நம்பர் அடிக்கும் வழக்கமே 1957ல்தான் வந்தது. அப்போதுதான் ஸ்மித்தின் .32 ரிவால்வர்களில் ஹேண்ட் எஜெக்டர் என்ற மாடலுக்கு 30, ரெகுலேஷன் போலீஸ் என்ற மாடலுக்கு 31 என்று பெயர் மாறியது. அதற்கு முந்தைய துப்பாக்கியில் மாடல் நம்பர் தேடுவது சுதந்திரத்துக்கு முந்தைய பத்திரத்தில் பின்கோடு தேடுவதற்குச் சமம்.

கைப்பிடி அடியில் என்ன இருக்கிறது? அதைப் பார்க்காமல் "ஃபேக்டரி மிஸ்டேக்" என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது.

காக்ஸ்டவுன் ராஜா
அடியில் எதுவும் தெரியவில்லை. மரப் பொம்மைக்குப் பெயர்போன கர்நாடகச் சென்னபட்டணாவில் யாரோ கடைந்து கொடுத்த மாதிரி பெரிய மரக் கைப்பிடி, அடிப்பக்கத்தையும் சேர்த்து மூடியிருக்கிறது.

ஹவில்தார் (ஓய்வு)
பார்த்தீர்களா. மறைக்கத்தான் கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள். தர்ரா.

புல்லட் பாண்டி
ஸ்மித் கிமித் எல்லாம் எதற்கு அண்ணா? பழைய என்ஃபீல்டு ரிவால்வர் கிடைத்தால் வாங்குங்கள். நம்ம புல்லட் செய்த அதே கம்பெனி. இரண்டையும் வைத்துப் படம் எடுத்தால் கெத்தாக இருக்கும்.

பழைய இரும்பு
பாண்டி, அது வேறு, இது வேறு. ரிவால்வர் செய்தது லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை. பைக் கம்பெனி ரெடிட்ச்சில்.

புல்லட் பாண்டி
அப்படியானால் "மேட் லைக் எ கன்" என்று ஏன் போட்டுக்கொண்டார்கள்? லோகோவிலேயே பீரங்கி இருக்கிறதே!

பழைய இரும்பு
அந்த அரசுத் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தார்கள். அந்தப் பெருமையில் பெயரையும் பீரங்கியையும் வைத்துக்கொண்டார்கள். ரிவால்வர் செய்யவில்லை.

புல்லட் பாண்டி
பாகம் செய்தால் செய்த மாதிரிதானே? எங்கள் தாத்தா திருவொற்றியூர் என்ஃபீல்டில் ஃபிட்டராக இருந்தவர், அவர் சொல்லித்தான் சொல்கிறேன்.

குண்டுமணி
திருவொற்றியூரில் செய்தது மோட்டார் சைக்கிள். தாத்தா மேல் மரியாதை உண்டு, ஆனால் அவர் ரிவால்வர் செய்யவில்லை.

ஜெயநகர் வக்கீல்
யார் செய்திருந்தாலும் என்ஃபீல்டு ரிவால்வரை ராஜா வாங்க முடியாது. அது .380 சர்வீஸ் தோட்டா போடும், அதனால் பி.பி., அதாவது தடை செய்யப்பட்ட ரகம். வெப்லியின் .455ம் அப்படியே. சாதாரண லைசன்ஸுக்கு .32 மாதிரி ரகங்கள்தான். இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

ராஜா, முக்கியமான ஒன்றை நீங்கள் சொல்லவே இல்லை. பெரியவரின் லைசன்ஸில் எந்த எண் எழுதியிருக்கிறது?

காக்ஸ்டவுன் ராஜா
அந்த ஐந்து இலக்க எண்தான் சார். அதனால்தான் அது சரியான எண், சிலிண்டரில் இருப்பது தப்பு என்று நினைத்தேன். லைசன்ஸ் வேறு மாநிலத்தில் எழுபதுகளில் எடுத்ததாம்.

ஜெயநகர் வக்கீல்
குண்டுமணி சொல்வது சரி என்றால் தப்பு துப்பாக்கியில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அப்போதே இந்தக் கைப்பிடி மாட்டியிருந்தால், எழுதியவர் சிலிண்டரைத் திறந்து கண்ணில் பட்ட முதல் எண்ணை எழுதியிருப்பார்.

உங்களுக்கு இது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். ஆயுதச் சட்டம் 8வது பிரிவு, எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றமாக்குகிறது. எண் அழித்து மாற்றியதாகத் தெரிந்தால் யார் கையில் துப்பாக்கி இருக்கிறதோ அவர்தான் செய்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. நாளைக்கு இன்ஃபன்ட்ரி சாலை கமிஷனர் அலுவலகத்தில் சரிபார்ப்புக்குக் கொண்டுபோகிறீர்கள், லைசன்ஸில் ஒரு எண், கைப்பிடி அடியில் வேறு எண். "லட்சத்தில் ஒன்று சார், ரேர் பீஸ்" என்று அங்கே சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கதை. தன் துப்பாக்கியை விற்கும் தனிநபர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாளாவது கழித்துத்தான் கைமாற்ற முடியும். 5வது பிரிவில் இருக்கிறது. ஆகவே இந்த ஞாயிறு உங்களுக்கு ஒரு அவசரமும் கிடையாது, அவசரம் கடைக்காரருக்குத்தான். முதலில் பெரியவர் தன் லைசன்ஸில் எண்ணைத் திருத்த மனு போடட்டும், துப்பாக்கியை நேரில் காட்டட்டும். ஆயுத லைசன்ஸ்களின் தேசியப் பதிவேடான என்.டி.ஏ.எல். பதிவிலும் எண் மாற வேண்டும். அது வரை ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சில்லறைக்காசு
அப்போது மிஸ்டேக்குக்கு மதிப்பே இல்லையா?

குண்டுமணி
நிஜமான மிஸ்டேக்குக்கு உண்டு, இரண்டு தடவை அடித்த முத்திரை, தலைகீழ் எழுத்து மாதிரி. அமெரிக்காவில் அதற்கு ஆள் இருக்கிறது. அங்கே ஸ்மித் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்கு எழுதினால், எந்தத் தேதியில் எந்தக் கடைக்கு அனுப்பினார்கள் என்று பழைய பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் கொடுப்பார்கள். இங்கே ஸ்மித் விலை ஏறியதற்குக் காரணமே வேறு. எண்பதுகளில் இறக்குமதி நின்றது, இருப்பதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. வாங்குகிறவர் பெயரைப் பார்த்து வாங்குகிறார், முத்திரைப் பிழையைப் பார்த்து இல்லை. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கருத்து. யார் கேட்கிறார்கள்.

காக்ஸ்டவுன் ராஜா
கடையில் வைத்துக் கைப்பிடியைக் கழற்றச் சொன்னேன். அடியில் ஆறு இலக்கம், சிலிண்டரில் உள்ளதேதான். பேரலுக்கு அடியிலும் அதே. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரமும் இருக்கிறது. பெரியவரின் மகன் திருத்தத்துக்கு மனு போடுகிறேன் என்றார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஹவில்தார் (ஓய்வு)
நட்சத்திரம் தர்ராவிலும் அடிப்பார்கள்.

குண்டுமணி
நட்சத்திரம் என்றால் துப்பாக்கி ஒரு தடவை தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வேலை பார்த்து வந்திருக்கிறது. "புதுசு மாதிரி மின்னுகிறது" என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அந்த நீலம் மறுபூச்சாக இருக்கலாம். மறுபூச்சு என்றால் சேகரிப்பவர்கள் கணக்கில் விலை இறங்கும், ஏறாது. இடது கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே ஃபிரேமில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், பக்கத்தில் பூச்சுக்கான குறியும் இருக்கலாம். கழற்றினீர்களே, தேதி பார்த்தீர்களா?

புல்லட் பாண்டி
தாத்தாவின் ஃபேக்டரி அடையாள அட்டை வீட்டில் இருக்கிறது. அதிலும் பீரங்கி போட்டிருக்கிறது. நாளைக்குப் படம் போடுகிறேன்.

குண்டுமணி
ராஜா, தேதி?