ஸ்குவாட்ல முட்டி கால்விரலைத் தாண்டினா என்ன, குடி முழுகிடுமா?

தாராவி தண்டால்:
உக்காந்து எழுற ஸ்குவாட் பயிற்சியைப் பத்தி நேத்து சயான் ட்ரெய்னர் தம்பி இங்க எழுதினதைப் பாத்தேன். "ஸ்குவாட்ல முட்டி கால்விரல் நுனியைத் தாண்டவே கூடாது, தாண்டினா முட்டி போயிடும். தண்டால் பஸ்கி எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம், அன்றாட அசைவுக்கு உதவுற ஃபங்ஷனல் ட்ரெய்னிங்தான் இப்ப தேவை"ன்னு. படிச்சதுல இருந்து கடுப்பு அடங்கல. நான் இங்க கபடிப் பசங்களுக்குத் தண்டால் பஸ்கி சொல்லிக் குடுக்கிறவன், அந்தப் பதிவைப் படிச்சிட்டு ரெண்டு பசங்களோட அம்மா வந்து பஸ்கி வேண்டாம்னு சொல்றாங்க. தம்பி, தாதர் ஸ்டேஷன் பாலத்துல படி இறங்கும்போது மேல்படியில நிக்கிற காலைப் பாரு, முட்டி விரலைத் தாண்டித்தான் போகும். தாண்டாம ஒரே ஒரு படி இறங்கிக் காட்டு, நான் இந்தப் பக்கமே வரல.

சயான் ட்ரெய்னர்:
அண்ணே படி இறங்குறது வேற, முதுகுல 80 கிலோ பார்பெல் வச்சு இறங்குறது வேற. நான் சர்டிஃபைட் கோச், காசு கட்டிப் படிச்சு பரீட்சை எழுதி வந்தவன். முட்டி விரலைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். பஸ்கி போட்டு முட்டி தேஞ்ச பெரியவங்க எத்தனை பேர் என்கிட்ட வர்றாங்க தெரியுமா?

தாராவி தண்டால்:
பஸ்கி போட்டுத் தேஞ்சவங்களா இல்ல ஒண்ணுமே போடாம நாற்காலியிலேயே உக்காந்து தேஞ்சவங்களான்னு கேட்டியா? சர்டிஃபிகேட் இருக்குல்ல, அப்ப இதையும் படிச்சிருப்ப. 2003ல ஜர்னல் ஆஃப் ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் ரிசர்ச்ல ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங்னு மூணு பேர் எழுதினது. 7 ஆம்பளைங்க, அவங்கவங்க உடம்பு எடைக்குச் சமமா பார்பெல், ஒரு தடவை ஃப்ரீயா உக்காரச் சொன்னாங்க, இன்னொரு தடவை முட்டி முன்னாடி போகாதபடி பலகையை வச்சுத் தடுத்தாங்க. தடுத்தப்ப முட்டியில வர்ற டார்க், அதாவது மூட்டைச் சுழற்றுற விசை, 150 நியூட்டன் மீட்டர்ல இருந்து 117க்கு இறங்குச்சு. ஆனா இடுப்புல? 28ல இருந்து 302! முட்டியைக் கட்டிப்போட்டா உடம்பு முன்னாடி சாயுது, பாரம் நிறைய இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகுது. பசங்க முதுகு பிடிச்சிக்கிச்சுன்னு வந்து நிப்பாங்க, அதுக்கு நீயா பதில் சொல்லுவ?

சயான் ட்ரெய்னர்:
150ல இருந்து 117. நீங்களே டைப் பண்ணிட்டீங்க. முட்டிக்கு லோடு குறையுது. நான் சொன்னதும் அதேதான். நன்றி அண்ணே 🙏

தாராவி தண்டால்:
302ஐ மட்டும் கண்ணு தெரியலையா?

முலுண்ட் மீனா:
நான் ஃபிசியோ. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு நம்பரைப் பிடிச்சுட்டுத் தொங்குறீங்க. இடுப்புல இருக்கிறது உடம்புலயே பெரிய தசைங்க, பழகினா நல்லாவே தாங்கும், அதனால 302ன்னு சொல்லி பயமுறுத்த வேண்டாம். அதே மாதிரி 150ன்னா முட்டி உடைஞ்சிடும்னும் அர்த்தம் இல்ல. முட்டிச்சில்லுக்குப் பின்னாடி ஏற்கனவே வலி இருக்கிறவங்களுக்குக் கொஞ்ச நாள் ஆழத்தைக் குறைப்போம், முட்டியை ரொம்ப முன்னாடி விடமாட்டோம், வலி அடங்கினதும் படிப்படியா விடுவோம். வலியே இல்லாதவங்களுக்கு அந்தத் தடை எதுக்கு? முதல்ல கணுக்காலைப் பாருங்க. சுவருக்கு எதிர்ல பாதத்தை வச்சு குதிகால் எழும்பாம முட்டியால சுவரைத் தொடணும், பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு 10 செ.மீ. இடைவெளி வந்தா பரவாயில்ல. கணுக்கால் இறுகிக் கிடந்தா ஒண்ணு குதிகால் தூக்கும், இல்ல முதுகு வளையும், இல்ல பாதம் உள்பக்கமா சரியும். என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்குக் கோளாறு அங்கதான், நீங்க முட்டியை வச்சே அடிச்சிக்கிறீங்க.

தாராவி தண்டால்:
மேடம் சொல்றது சரி, கணுக்கால் வேணும். ஆனா குதிகால் தூக்குறதே தப்புங்கிற மாதிரி பேசாதீங்க, பஸ்கியில குதிகால் தூக்கித்தான் உக்காருவோம், முட்டி விரலைத் தாண்டி அரை முழம் போகும், அகாடாவுல, அதான் மல்யுத்தக் கூடத்துல, தலைமுறை தலைமுறையா அப்படித்தான் போடுறாங்க. காமா பயில்வான் அப்படிப் பஸ்கி போட்டுத்தான் 1910ல லண்டன் போய் போலந்து மல்யுத்த வீரன் ஸ்பிஸ்கோவை ஜெயிச்சாரு.

செம்பூர் சுந்தரம்:
ஜெயிக்கலை ஐயா. டிரா. ரெண்டரை மணி நேரம் ஸ்பிஸ்கோ தரையோட ஒட்டிக்கிட்டு கிடந்தான், முடிவே வரலை. சரித்திரம் பேசினா ஒழுங்கா பேசணும்.

தாராவி தண்டால்:
வாங்க சுந்தரம் சார். ஒரு வாரம் கழிச்சு மறுபடி மோத வேண்டியது, அன்னைக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்ல, காமா ஜெயிச்சதா அறிவிச்சாங்க. அது ஜெயிப்பு இல்லையா? பொங்கல் விழாவுல கயிறு இழுக்கிற போட்டியில எங்க ஏரியா பசங்க ஜெயிச்சதையும் நீங்க இப்படித்தான் செல்லாதுன்னு சொன்னீங்க, அந்தக் கணக்கு இன்னும் தீரலை.

செம்பூர் சுந்தரம்:
அந்தப் பசங்க வெறுங்கால்ல வந்தாங்க, விதியில ஷூ கட்டாயம்னு இருந்துச்சு. அதை இங்க இழுக்காதீங்க.

தாராவி தண்டால்:
வெறுங்கால்ல நின்னு ஷூ போட்ட ஆளுங்களை இழுத்துட்டுப் போனாங்க. நினைவிருக்கட்டும்.

சயான் ட்ரெய்னர்:
டாபிக்குக்கு வாங்க ப்ளீஸ். காமா ஒரு ஆளு, பிறவியிலேயே அப்படிப்பட்ட உடம்பு, அவரை வச்சு ஐடி கம்பெனி ஆளுக்கு ரூல் போட முடியாது. முட்டி விரலைத் தாண்டக்கூடாது. மொபிலிட்டி, சிங்கிள் லெக், பேலன்ஸ், இதுதான் ஃபங்ஷனல்.

ஐரோலி கார்த்தி:
ப்ரோ ஒரு டவுட், நான் ஷட்டில் விளையாடுறேன், நெட் பக்கம் ஒரு காலை முன்னாடி நீட்டிப் பாய்ஞ்சு லஞ்ச் (lunge) பண்ணும்போது என் முட்டி தாண்டிடுது, அப்ப விளையாட வேண்டாமா? இன்னொண்ணு, ஸ்குவாட்டுக்கு ஃபிளாட் ஷூ நல்லதா ஹீல் வச்சது நல்லதா?

சயான் ட்ரெய்னர்:
ஃபிளாட். தரையை உணரணும்.

தாராவி தண்டால்:
அட போப்பா. நம்ம வேலூர் சத்துவாச்சாரி பளுதூக்குற வீரர் சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த்லயும் 77 கிலோ பிரிவுல தங்கம். 2014ல ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்குற ஸ்னாட்ச்ல 149, தோள்ல நிறுத்தித் தூக்குற கிளீன் அண்ட் ஜெர்க்ல 179, மொத்தம் 328 கிலோ. வெயிட்லிஃப்டிங் ஷூவுல குதிகால் உயரமா இருக்கிறது எதுக்கு? முட்டி நல்லா முன்னாடி போகணும், முதுகு நிமிர்ந்து நிக்கணும், அதுக்குத்தான். பாரத்தை வாங்கிக்கிட்டு அடியில உக்காரும்போது முட்டி எங்க இருக்குன்னு வீடியோவை நிறுத்திப் பாரு. மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்ல 49 கிலோ பிரிவுல மொத்தம் 202 தூக்கி வெள்ளி வாங்கினாங்களே, அவங்க முட்டியையும் பாரு. இவங்களை விட ஃபங்ஷனலா நீ? கார்த்தி தம்பி, நீ பயப்படாம விளையாடு. லஞ்ச்ல முட்டி போகும், போகணும். குறைஞ்ச எடையில, மெதுவா, முழு ஆழத்துல பழக்கு, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, தசைநாருக்கு நேரம் குடு, ஒரே வாரத்துல எல்லாத்தையும் ஏத்தினா எந்த முட்டியும் வலிக்கும்.

முலுண்ட் மீனா:
கடைசியா சொன்னீங்களே, அதைத்தான் எல்லாரும் செய்யணும். ஆனா ஒலிம்பிக் ஆளுங்களைக் காட்டி பேசாதீங்க, அவங்க சின்ன வயசுல இருந்து பழகினவங்க. சானுவுக்குச் சரின்னா 45 வயசுல முதல் தடவை ஜிம்முக்கு வர்றவங்களுக்கும் சரின்னு ஆயிடாது.

தாராவி தண்டால்:
45 வயசுக்காரருக்கு நான் பார்பெல் குடுக்கச் சொல்லலை மேடம். பஸ்கி. சொந்த உடம்பு. பிடிச்சுக்க ஒரு ஜன்னல் கம்பி. எங்க ஊர்ல ஆழமா குத்தவச்சு உக்காராத ஆளே கிடையாது. இந்த ஆழமா உக்காந்தா முட்டி போயிடும்ங்கிற பயத்துக்கே ஒரு வரலாறு இருக்கு, 1961ல டெக்சாஸ்ல கார்ல் க்ளைன்னு ஒருத்தர் முழு ஸ்குவாட் போட்டா முட்டித் தசைநார் தளர்ந்திடும்னு எழுதினாரு, பின்னாடி வந்த ஆராய்ச்சிங்க அதை உறுதிப்படுத்தலை. பயம் மட்டும் ஜிம் ஜிம்மா பரவி இன்னைக்குத் தம்பி சர்டிஃபிகேட் வரைக்கும் வந்திருக்கு.

சயான் ட்ரெய்னர்:
என் சர்டிஃபிகேட்டை இழுக்காதீங்க அண்ணே. உங்க பசங்க எத்தனை பேர் முட்டில பேண்டேஜ் போட்டுட்டு விளையாடுறாங்கன்னு நானும் பாத்திருக்கேன். முட்டி விரலைத் தாண்டக்கூடாது.

தாராவி தண்டால்:
அது மண்ணுல விழுந்து தோல் உரிஞ்சதுக்குக் கட்டுனது! பஸ்கிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஞாயித்துக்கிழமை காலையில வா, பசங்க முன்னாடி நின்னு இந்த வார்த்தையைச் சொல்லு. என் பசங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா வந்தா சும்மா இருக்க மாட்டேன்.

முலுண்ட் மீனா:
பசங்களை இழுக்காதீங்க ரெண்டு பேரும். கார்த்தி, நீங்க சுவர் டெஸ்ட் பண்ணிட்டு ரெண்டு காலுக்கும் எவ்வளவு வருதுன்னு எழுதுங்க.

ஐரோலி கார்த்தி:
வலது 11, இடது 6. இடதுல முன்னாடி சுளுக்கு இருந்துச்சு.

முலுண்ட் மீனா:
அப்ப இடது கணுக்காலைத்தான் முதல்ல கவனிக்கணும்.

சயான் ட்ரெய்னர்:
அதுவரைக்கும் முட்டியைத் தாண்ட விடாதீங்க கார்த்தி.

தாராவி தண்டால்:
மறுபடியும் ஆரம்பிச்சிட்டான். 302 தம்பி 302.

செம்பூர் சுந்தரம்:
இன்னும் ஒண்ணு. காமா ஸ்பிஸ்கோவை உண்மையா சாய்ச்சது 1928ல பாட்டியாலாவுல, ஒரு நிமிஷம்கூட ஆகலை. 1910ன்னு எழுதினதைத் திருத்துங்க.

தாராவி தண்டால்:
திருத்த மாட்டேன். முதல்ல நீங்க கயிறு போட்டிக்கு வேண்டிய கோப்பையைக் குடுங்க சார்.