சீனித்துளசி: ஈ.எம்.எஸ்ஸா, கால்ச்சிசினா?

கேள்வி:
சீனித்துளசியில் (ஸ்டீவியா) இலை விளைச்சலைக் கூட்ட வேண்டும். விதையை 0.5 சதவீத ஈ.எம்.எஸ். (எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட், மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் மருந்து) கரைசலில் 24 மணி நேரம் ஊறவைக்கலாமா? குரோமோசோமை இரட்டிக்கும் கால்ச்சிசினும் கைவசம் உள்ளது. எதில் தொடங்குவது?

பதில் 1:
இரண்டும் செய்யும் வேலையே வேறு. ஈ.எம்.எஸ். டி.என்.ஏ.வில் ஓரெழுத்தை மாற்றும். பெரும்பாலும் ஜி-சி இணை ஏ-டி ஆகிவிடும். கால்ச்சிசின், செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளைக் கட்டவிடாது. 22 குரோமோசோம் 44 ஆகும், இலை தடித்து அகலும். இலைதான் குறி என்றால் கால்ச்சிசினில் தொடங்குங்கள்.

ஈ.எம்.எஸ்ஸுக்கு 24 மணி நேரம் மிக அதிகம். விதையை மஸ்லின் துணியில் கட்டி 6 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு பி.எச். 7 பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் நீர்மம்) கலந்த ஈ.எம்.எஸ். கரைசலில் 4 மணி நேரம். 0.1, 0.2, 0.3 சதவீதம் என்று சிறு சோதனை வைத்து, பாதி நாற்று பிழைக்கும் அளவைப் பிடியுங்கள். கறுத்த விதையை மட்டும் எடுங்கள், வெளிறியது பதர். பதரைக் கலந்தால் முளைக்காததெல்லாம் மருந்தின் கணக்கில் ஏறும்.

பதில் 2:
என்னைக் கேட்டால் விதையே வேண்டாம். இது தன் மகரந்தத்தை ஏற்காத செடி. ஒரே செடியின் விதைகளும் ஒன்றுபோல் முளைக்காது. இயல்பான வேறுபாட்டைச் சடுதிமாற்றம் (மருந்தால் வந்த மரபணு மாற்றம்) என்று எழுதிவிடுவீர்கள். ஒரே தாய்ச்செடியின் கணுத்துண்டுகளை எடுத்து, பாதியை மருந்தில்லாமல் ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நான்மடியம் (குரோமோசோம் இரட்டித்து 44 ஆன நிலை) வந்ததா என்று இலைத்துளையைப் பார்த்தால் போதுமா?

பதில் 2:
போதாது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல் நீண்டிருந்தால் மேல்தோல் இரட்டித்தது என்றுதான் பொருள். உள்ளடுக்கு 22-லேயே நிற்கலாம். வேர் உள்ளடுக்கிலிருந்து வருவதால், துண்டை வேர்பிடிக்கவைத்து வேர்நுனியில் குரோமோசோமை எண்ணுங்கள். 22-ம் 44-ம் கலந்த கலப்படத் தளிர் என்றால் கணுவுக்குக் கணு வெட்டி மூன்று நான்கு தலைமுறை பதியமிட்டுப் பிரியுங்கள். இலை பெருத்தால் இனிப்பும் கூடும் என்று நம்பாதீர்கள், இனிப்பு தரும் பொருளான ரெபாடியோசைடு-ஏ அளவைத் தனியே பாருங்கள்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போயிற்று. ஈ.எம்.எஸ். ஆவியாகும், புற்றுநோய் தரக்கூடும். ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி), நைட்ரைல் கையுறையுடன் மட்டும் தொடவும். மிச்சக் கரைசலை 10 சதவீத சோடியம் தயோசல்ஃபேட்டில் ஒரு நாள் வைத்து, ஆய்வகக் கழிவாகவே ஒப்படையுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம்.