எஸ்இஓ-வுக்குத் தமிழ்ச் சொல்: "தேடுபொறி உகப்பாக்கம்" போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரக் கடைகளுக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் கொடுப்பதற்காக, இணையதளப் பராமரிப்பு பற்றிய சிறு கையேடு ஒன்று தயாராகிறது. சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. எஸ்இஓ (SEO), அதாவது கூகுள் போன்ற தேடுபொறிகளில் நம் பக்கம் எளிதில் கிடைக்கும்படி தளத்தைச் சரிசெய்யும் வேலை, அதற்கான சொல் மட்டும் நிற்கிறது.

புழக்கத்தில் இருப்பது "தேடுபொறி உகப்பாக்கம்". கணிதத்தில் உகப்பாக்கம் என்றால் ஒரு சார்பின் உச்ச மதிப்பையோ மிகக் குறைந்த மதிப்பையோ கண்டுபிடிப்பது. அங்கே சார்பு கையில் இருக்கும், விடை கிடைத்ததும் கணக்கு முடிந்துவிடும். தேடுபொறியில் அந்தச் சார்பை யாரும் நமக்குத் தருவதில்லை, அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. "உகப்பாக்கம் செய்தாயிற்று" என்று கேட்கும் கடைக்காரர் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். "முப்பது நாளில் முதல் பக்கம்" என்று விற்பவர்களுக்கு இந்தச் சொல் வசதியாகிவிடுகிறது. முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

என் முன்மொழிவு: தேடற்செப்பம். செம்மண் சாலையைச் செப்பனிடுகிறோம். மழை பெய்தால் மறுபடி பள்ளம் விழும், மறுபடி நிரவ வேண்டும். இந்த வேலையும் அப்படித்தான். கருத்துகளை எழுதுங்கள்.

— இணையதளப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்

* * *

தம்பிக்கு,

உகப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். தொல்காப்பிய உரியியலில் உகப்பு என்பதற்கு உயர்தல் என்றே பொருள். தரவரிசையில் உயர்வதைச் சொல்ல இதைவிடப் பழைய, பொருத்தமான வேர் எது? சொல்லை ஆக்கியவர் அதை நினைத்தாரோ இல்லையோ, பொருள் வந்து அமைந்திருக்கிறது.

செப்பத்துக்கும் ஒரு கேள்வி. பழைய வழக்கில் அது நேர்மை, செவ்விய வழி. குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் நடுவுநிலை என்ற பொருளிலேயே வருகிறது. எஸ்இஓ என்ற பெயரில் நடப்பதெல்லாம் நேர்மையா? இரண்டாவது, செப்பம் பழுதுபார்ப்பை மட்டும் காட்டுகிறது. புதிதாக எழுதுவதும், பிற தளங்களிலிருந்து இணைப்புப் பெறுவதும் அதில் அடங்குமா?

இன்னொன்று. கையேட்டு வரைவில் தேடுபொறியின் பட்டியலை "அடைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பள்ளிகளில் அடைவுநிலை என்றால் மாணவரின் தேர்ச்சி. "உங்கள் பக்கம் அடைவில் இல்லை" என்று ஒரு தலைமையாசிரியர் படித்தால் வேறு எதையோ நினைப்பார். சொல்லடைவு என்று முழுமையாக எழுதுங்கள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுங்கை சிப்புட்

* * *

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம்.

சொல்லடைவு மிகச் சரி. நூலின் பின்னால் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று இருக்குமே, தேடுபொறி வைத்திருப்பதும் அதே அமைப்புதான். தவழி என்னும் நிரல் பக்கங்களைப் படித்துக்கொண்டு போகும், சொல்லடைவில் பதியும், யாராவது தேடும்போது அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தும்.

உகப்பு உயர்வு என்றால், அது பலன். பலன் நம் கையில் இல்லை. கையில் இருப்பது வேலை மட்டும். சொல் வேலையைக் காட்டட்டும் என்பது என் கட்சி. அந்த வேலை என்ன என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் செப்பம் எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று தெரியும்.

முதலில், பக்கம் எழுத்தாக இருக்கிறதா? ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்திய எழுத்துருக்களில் செய்த பக்கங்களில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், அடியில் இருப்பதோ ரோமன் எழுத்தும் குறிகளும். தவழி படிப்பது அடியில் இருப்பதைத்தான். அந்தப் பக்கங்களை மாற்றி ஏற்றாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். திருவிழா அறிக்கையைப் படமாகவும் வருடிய பிடிஎஃபாகவும் மட்டும் போடுவதும் ஏறக்குறைய இதே பழுது. அதே செய்தியைப் பக்கத்தில் எழுத்தாகத் தட்டச்சு செய்து, படத்தைக் கீழே வைக்க வேண்டும்.

எழுத்தாக இருந்தாலும் தமிழில் சில சிக்கல்கள் உண்டு. "ஔவையார்" என்பதை ஔகாரத்தில் தட்டச்சு செய்வது ஒன்று, ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவையார்" என்று அடிப்பது இன்னொன்று. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்பதும் அப்படியே. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்து வரும் "கொ" அவ்வளவு மோசமில்லை. ஒருங்குறி விதிப்படி அது ஒற்றைக் குறியீட்டுக்குச் சமம், இயல்பாக்கினால் (ஒரே வடிவத்துக்கு மாற்றினால்) சரியாகிவிடும். ஆனால் உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டி இயல்பாக்காமல் தேடினால் கிடைக்காது.

அடுத்து ஊர்ப்பெயர். சுங்கை சிப்புட், சுங்கை சிபுட், சுங்காய் சிப்புட் என்று பலவாறு எழுதுகிறார்கள். தேடுபவர்களில் பலர் ரூமி எழுத்தில் (ரோமன் எழுத்தில்), மலாயிலேயே தேடுவார்கள். பள்ளியின் பெயர் தமிழில் "தோட்டத் தமிழ்ப்பள்ளி", அரசுப் பதிவில் மலாய்ப் பெயர். தோட்டத்துக்கு நிறுவனம் வைத்த பெயர் ஒன்று, நம் மக்கள் வழங்கும் பெயர் வேறொன்றாகவும் இருக்கும். இவை எல்லாம் பக்கத்தில் ஒருமுறையாவது இயல்பான வாக்கியத்தில் வரவேண்டும். தலைப்பில் ஒரே வடிவத்தை நிலையாக வையுங்கள். வேறு எழுத்துக்கூட்டல்களை அடியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பது கூகுளின் விதிப்படி மோசடி. சாவிச்சொற்களைப் பக்கத்தின் நிரலில் மறைவாக இருக்கும் மெட்டா குறிச்சொல்லில் அடுக்குவதோ வெறும் வேலை. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

முகவரி. தமிழில் முகவரி வைத்தால் தேடுபொறிக்குச் சிக்கல் இல்லை, பகிர்பவர்களுக்குத்தான் சிக்கல். "சுங்கை-சிப்புட்" என்பதில் 14 தமிழ்க் குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்து. ஆக, பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஊர்ப்பெயர் மட்டுமே 126 எழுத்தாக நீளக்கூடும். நடுவில் அறுந்தால் இணைப்பு செத்துவிடும். குறுகிய ரூமி முகவரி, தமிழ்த் தலைப்பு. இது பாதுகாப்பு.

அதைவிடப் பெரிய தவறு ஆண்டுதோறும் புதிய முகவரி தொடங்குவது. தைப்பூசத்துக்கு ஒரு பக்கம், மறு ஆண்டு வேறு பக்கம், அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. போன ஆண்டுப் பக்கத்துக்குக் கிடைத்த இணைப்புகள் எல்லாம் பழையதோடு போய்விடும். ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்து, உள்ளே தேதியையும் நிகழ்ச்சி நிரலையும் மாற்றிக்கொண்டே வாருங்கள். போன ஆண்டு நிகழ்ச்சியைத் தனிப் பக்கத்துக்கு நகர்த்திவிடலாம். முகவரியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் 301 வழிமாற்று (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் கட்டளை) போட்டு, குறைந்தது ஓராண்டாவது அதை எடுக்காமல் விடுங்கள்.

கைப்பேசிப் பார்வையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூகுள் பதிவது கைப்பேசியில் தெரியும் பக்கத்தைத்தான். 2016-இல் அறிவித்து, 2023-இல் முடித்துவிட்டார்கள். கணினியில் இருக்கும் பத்தியைக் கைப்பேசி வடிவத்தில் விட்டுவிட்டால், அந்தப் பத்தி சொல்லடைவில் இருக்காது. முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் வரவேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. தோட்டத்துக்குள் சிக்னல் மெலிந்த இடத்தில், கைப்பேசியில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் அந்த அளவை எட்ட வழியே இல்லை. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள்.

இவை அனைத்தும் பழுது நீக்கல், நிரவல். செப்பம் சரியாகப் பொருந்துகிறது. இணைப்புகளைப் பற்றி ஐயா கேட்டது நியாயம். காசு கொடுத்து வாங்கும் இணைப்புகளைச் செப்பத்துக்கு வெளியே நிறுத்துவோம். 2012-இல் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றம் குறிவைத்ததே இவற்றைத்தான். ஒளித்த எழுத்து, வாங்கிய இணைப்பு ஆகியவற்றுக்குத் "தேடல் ஏய்ப்பு" என்று வேறு சொல் வைத்துவிடலாம். செப்பத்துக்கு நேர்மை என்ற பொருள் இருப்பது குறை அல்ல, வேலி. கோயிலும் பள்ளியும் சங்கமும் தாங்களாகக் கொடுக்கும் இணைப்பு அந்த வேலிக்குள்தான் வரும். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கலாம்: "இங்கே சொடுக்கவும்" என்று இணைக்காமல், எதைப் பற்றிய பக்கமோ அந்தப் பெயரிலேயே இணைக்கச் சொல்லுங்கள்.

— நிரலர், ஈப்போ

* * *

வணக்கம். கையேட்டை அச்சடிப்பவன் என்ற முறையில் ஒரு யோசனை. செப்பம் நல்ல சொல்தான், ஆனால் கடைக்காரர் கையேட்டைப் புரட்டும்போது தனக்கு என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டாமா? "தேடல் முன்னிறுத்தல்" அல்லது "தேடல் உயர்வு" எப்படி?

— அச்சக உரிமையாளர், சுங்கை சிப்புட்

* * *

அண்ணே, அதில்தான் ஆபத்து. முன்னிறுத்தல் என்று பெயர் வைத்தால், மூன்றாம் மாதம் "எங்கே முன்னால் நிற்கிறது?" என்று கேட்பார்கள், கேள்வியும் நியாயமாகத்தான் இருக்கும். நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பதே கூகுள் தரப்பிலிருந்து வந்த விளக்கம். சிறிய தளத்துக்குத் தவழி அடிக்கடி வராது. இன்று திருத்தியது சொல்லடைவில் மாறவே சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதற்குப் பிறகுதான் வரிசை நகரும்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. தன் கைப்பேசியில் தானே தேடிப் பார்த்து "முதலில் வருகிறதே" என்று சொல்வது அளவே அல்ல. இருக்கும் இடத்தையும் முன்பு தேடியதையும் பொறுத்து முடிவுகள் மாறும். சர்ச் கன்சோல் என்னும் கூகுள் கருவியில் தளத்தைப் பதிந்து, எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பாருங்கள். அங்கே 16 மாதக் கணக்கு இருக்கும். இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன ஆண்டின் அதே பருவத்தோடு ஒப்பிடுங்கள். முறுக்கு விற்கும் கடைக்குத் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எண்ணிக்கை ஏறும், பிறகு இறங்கும். இறங்கியதைப் பார்த்துத் தலைப்புகளை எல்லாம் மாற்றினால் நன்றாக இருந்ததும் கெடும். தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் தேதியை வைத்தல்ல, பண்டிகைக்கு எத்தனை வாரம் முன் என்று வைத்து ஒப்பிடுங்கள். அந்தப் பக்கத்தையும் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போட்டுப் பயனில்லை, இரண்டு மூன்று மாதம் முன்பே ஏற்றுங்கள்.

எண்ணிக்கை ஒரேயடியாகப் பூஜ்ஜியமானால் அது பருவம் அல்ல, பழுது. தளத்தைப் புதுப்பித்தவர் சோதனைக்காகப் போட்ட "நோஇண்டெக்ஸ்" (சொல்லடைவில் பதியாதே) கட்டளையை எடுக்க மறந்திருப்பார். முதலில் அதைத் தேடுங்கள். அந்தக் கட்டளையையும், தவழி எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரோபோட்ஸ் கோப்பு படிக்காதே என்று சொல்கிறது, பதியாதே என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்தை நீக்க இரண்டையும் ஒன்றாகப் போட்டால், தவழி உள்ளே வரவே முடியாததால் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது, பக்கமும் பட்டியலில் கிடக்கும்.

— நிரலர், ஈப்போ

* * *

நிரலர் தங்கை சொன்னதில் உகப்பை விட்டுக்கொடுத்தேன். பலனுக்குப் பெயர் வைப்பதைவிடத் தொழிலுக்குப் பெயர் வைப்பது மேல். ஏய்ப்பைப் பிரித்து வைத்ததும் நன்று.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

> என் முன்மொழிவு: தேடற்செப்பம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். லகரம் றகரமானதும் "தேடல்" என்ற சொல் மறைந்துவிடுகிறது. "தேடல்" என்று தேடுபவருக்கு "தேடற்" என்று தொடங்கும் சொல்லைத் தேடுபொறி எடுத்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. உலாவியில் பக்கத்துக்குள் தேடினாலும் எழுத்துக்கு எழுத்துத்தான் பொருத்திப் பார்க்கும். கண்டுபிடிக்கப்படுவதைப் பற்றிய சொல் தானே ஒளிந்துகொள்ளக் கூடாது. "தேடல் செப்பம்" என்று பிரித்தே எழுதினால் என்ன?

— நிரலர், ஈப்போ

* * *

பிரித்து எழுதினால் கண்ணுக்கு உறுத்தாது, ஆனால் ஒரு கருத்தைக் குறிக்கும் கலைச்சொல் ஒட்டி நிற்பதே அழகு. வேறு வழி இருக்கிறது. தேடுபொறி என்பது வினைத்தொகை. அதே அச்சில் தேடுசெப்பம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, திரிபும் கிடையாது. "தேடு" அப்படியே நிற்கும்.

செப்பமா தேடுகிறது என்று யாராவது கேட்பார்கள். உண்கலம் உண்பதில்லை, அது உண்பதற்கான கலம். குடிநீர் குடிப்பதில்லை, சுடுகாடு சுடுவதில்லை. தேடுவதற்கு ஏற்ற செப்பம் தேடுசெப்பம். "பக்கத்தைத் தேடுசெப்பம் செய்", "தேடுசெப்பப் பணி", "தேடுசெப்பக் குறை" என்று தொடர்களும் தடையின்றி வருகின்றன.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

ஐயா, தேடுசெப்பத்தையே வைத்துக்கொள்கிறேன். சொல்பட்டியலில் போகப்போவது: தேடுசெப்பம், தேடல் ஏய்ப்பு, தவழி, சொல்லடைவு, தரவரிசை, வழிமாற்று. வெளியிலிருந்து வரும் இணைப்புக்குப் "பின்னிணைப்பு" வேண்டாம், அது நூலின் கடைசியில் வருவது. "வருஇணைப்பு" என்று வைத்திருக்கிறேன், அதுவும் வினைத்தொகையே.

அச்சக அண்ணனுக்கு: கடைக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பதை அட்டையில் போடாமல் மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணையாகத் தருகிறேன். எந்த மாதம் என்ன வேலை, எதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும். கடைப்பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் தளத்திலும் கூகுள் வணிகப் பக்கத்திலும் முகநூலிலும் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் முதல் மாத முதல் வேலை. அருகில் உள்ள கடையைத் தேடுபவருக்குப் பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றையும் வைத்தே காட்டுகிறார்கள். தூரத்தை மாற்ற முடியாது, மற்ற இரண்டில் வேலை செய்யலாம்.

கையேடு இணையத்திலும் ஏறும். "தேடுசெப்பம்" என்று இன்றைக்கு யாரும் தேடமாட்டார்கள். ஆகவே தலைப்பில் புதிய சொல், முதல் பத்தியில் "எஸ்இஓ, தேடுபொறி உகப்பாக்கம் என்றும் வழங்கப்படும்" என்ற வாக்கியம். பழைய சொல்லைத் தேடி வருபவர் புதிய சொல்லைப் படித்துவிட்டுப் போகட்டும். முகவரி குறுகிய ரூமியில், ஆண்டு எண் இல்லாமல். மறுபதிப்பும் அதே முகவரியில்தான் வரும்.

— இணையதளப் பொறுப்பாளர், சுங்கை சிப்புட்